ஸ்டெப்பர் மோட்டாரின் வேகத்தைக் குமிழாலும் பட்டனாலும் கட்டுப்படுத்துவது: முதல்முறை செய்பவர்களுக்கு

மாமாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு சின்ன முந்திரிக் கொட்டகை இருக்கிறது. உடைத்துத் தோல் நீக்கிய பருப்பு ஒரு பெல்ட்டில் போகும். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து முழுசு, பாதி, குருணை என்று பிரிப்பார்கள். அந்த பெல்ட்டுக்கு ஒரே வேகம்தான். "தம்பி, பெல்ட்டு ஓடுற வேகத்துக்குக் கண்ணு ஓடமாட்டேங்குது" என்று அங்கே வேலை செய்யும் மூத்த அக்கா ஒருவர் சொன்னார். அதிலிருந்துதான் இந்த வேலை ஆரம்பித்தது.

தேவை இவ்வளவுதான்: குமிழைத் திருகினால் வேகம் கூட வேண்டும், குறைய வேண்டும், ஒரு பட்டனில் ஓட வேண்டும், இன்னொன்றில் நிற்க வேண்டும், திசை மாற்ற ஒரு ஸ்விட்ச். கேட்டால் ஒரு நாள் வேலை மாதிரி இருக்கும். எனக்கு ஏழு வாரம் ஆனது, இரண்டு டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் பெட்டி) புகைந்து போயின, மோட்டாரையும் ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. கீழே சொல்லும் வரிசையில் போனால், சாமான் கைக்கு வந்த பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஆர்டுயினோவில் (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன கன்ட்ரோல் போர்டு) ஒரு எல்இடியை மினுக்க வைத்திருக்கிறீர்கள் என்றால் போதும், மீதி எல்லாம் இங்கே இருக்கிறது.

1. கடைக்குப் போகும் முன் கணக்கு

நான் மோட்டாரை வாங்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள்.

பெல்ட்டை ஓட்ட நான் எடுத்துக்கொண்டது ஸ்டெப்பர் மோட்டார், அதாவது டிரைவருக்கு அனுப்பும் மின் துடிப்புகளை எண்ணி, அடி அடியாகத் திரும்பும் மோட்டார். சாதாரணமானது ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும், ஆக ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் மைக்ரோஸ்டெப்பை (ஒரு ஸ்டெப்பை இன்னும் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது) எட்டில் ஒன்று என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்பு. எங்கள் பெல்ட் உருளையின் விட்டம் 50 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 157 மில்லிமீட்டர். அப்படியானால் பெல்ட் ஒரு மில்லிமீட்டர் நகர ஏறக்குறைய பத்து துடிப்பு. அக்காமார்களுக்குத் தோதான வேகம் வினாடிக்கு 30 முதல் 80 மில்லிமீட்டர் வரை (கையால் உருளையைச் சுற்றி, செல்போன் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம்), அதாவது வினாடிக்கு சுமார் 300 துடிப்பிலிருந்து 800 துடிப்பு. இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், புரோகிராமில் இதேதான் வரும்.

அடுத்தது இழுவிசை. நான் முதலில் வாங்கியது நெமா 17 அளவு மோட்டார் (நெமா எண் மோட்டார் முகப்பின் அளவைச் சொல்லும்), 4 கிலோ-சென்டிமீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. உருளையின் ஆரம் 2.5 சென்டிமீட்டர், ஆக பெல்ட்டை இழுக்கும் விசை காகிதத்தில் 1.6 கிலோ. காகிதத்தில் வருவதில் பாதியைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் தாளில் போட்டிருப்பது மோட்டார் நின்றபடி தாங்கும் டார்க், ஓடும்போது அது குறைந்துகொண்டே போகும். வெறும் பெல்ட் ஓடியது, பருப்பு கொட்டியதும் "கிர்ர்" என்று சத்தம் போட்டு நின்றது. பிறகு 18.9 கிலோ-சென்டிமீட்டர் நெமா 23 வாங்கினேன். இதே உருளையில் கணக்குக்கு ஏழரை கிலோ, பாதி போனாலும் தாராளம்.

2. வாங்க வேண்டியவை, விலை, பில்

நான் கொடுத்த விலை இது, கடைக்குக் கடை மாறும். நெமா 23 மோட்டார் 2,100 ரூபாய், டிபி6600 டிரைவர் 750, 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 24 ஆக்கும் பவர் சப்ளை) 650, ஆர்டுயினோ ஊனோ போர்டின் நகல் 450, 24 வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் 70, ஸ்டார்ட் ஸ்டாப் பட்டன் இரண்டும் 160, திசைக்கான திருகு ஸ்விட்ச் 90, சிவப்புக் காளான் தலை எமர்ஜென்சி ஸ்விட்ச் 150, பெட்டி 350, குமிழுக்கான பாட் (பொட்டென்ஷியோமீட்டர், திருகினால் மின்தடை மாறும் பாகம்) 20, வயர், ரெசிஸ்டர், லக் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 5,090 ரூபாய். புகைந்த டிரைவர்களையும் பயன்படாத சின்ன மோட்டாரையும் இதில் சேர்க்கவில்லை.

பட்டன், ஸ்விட்ச், பெட்டி, வயர் இவையெல்லாம் கடலூரிலேயே எலெக்ட்ரிகல் கடைகளில் கிடைத்தன. மோட்டாரும் டிரைவரும் ஆன்லைனில் வாங்கினேன், வர ஐந்து நாள் ஆனது. அவசரம் என்றால் சென்னை ரிச்சி தெரு, ஆனால் பஸ்ஸில் போக மட்டும் நாலு மணி நேரம் ஆகிவிடுகிறது, ஒரு நாள் கூலியும் போய்விடும். அதனால் டிரைவரை மட்டும் ஒன்று கூடுதலாகச் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். 750 ரூபாய்க்குப் பார்த்து ஒரு வாரம் கொட்டகையை நிறுத்தி வைப்பது கட்டாது.

ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். மாற்றித் தரச் சொல்ல அது வேண்டும், தொழிலுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் கட்டிய வரியைக் கணக்கில் கழிக்கவும் வேண்டும். நான் ஒரு கடையில் பில் இல்லாமல் வாங்கிய எஸ்எம்பிஎஸ் இரண்டாவது நாளே 24 வோல்ட்டுக்குப் பதில் 17 காட்டியது, மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மூன்று. மோட்டாரின் டேட்டாஷீட், டிரைவரின் செட்டிங் அட்டவணை, நீங்களே வரைந்த வயரிங் படம். மோட்டார் தாளில் பார்க்க வேண்டியது ஒரு ஃபேஸுக்கு எத்தனை ஆம்பியர் (என்னுடையது 2.8), எந்த நிற வயர் எந்தக் காயில் (மோட்டாருக்குள் உள்ள கம்பிச் சுருள்; ஃபேஸ் என்பதும் இதுதான்). டிரைவரின் அட்டவணை பெரும்பாலும் அதன் மூடியிலேயே அச்சாகியிருக்கும், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் பொருத்திய பிறகு அது தெரியாது.

4. மோட்டாரும் டிரைவரும்

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். என் இரண்டு மோட்டாருக்கும் தாளில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம். சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது: மோட்டாரை எதிலும் இணைக்காமல் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுலபமாகச் சுற்றும். இப்போது நான்கு வயரில் ஏதாவது இரண்டின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். தண்டு திடீரென்று கெட்டியானால், விரலுக்குத் தட்டுத் தட்டாக உணர்ந்தால், அந்த இரண்டும் ஒரே காயில். மீதி இரண்டும் இன்னொரு காயில். மல்டிமீட்டரே வேண்டாம்.

டிபி6600-இல் சின்ன சின்ன டிப் ஸ்விட்ச்கள் இருக்கும். மைக்ரோஸ்டெப்பை எட்டில் ஒன்றுக்கு வையுங்கள். கரண்ட் 2 ஆம்பியரில் ஆரம்பியுங்கள், போதவில்லை என்றால் மட்டும் கூட்டுங்கள். மே மாதம் ஓட்டுக்குக் கீழே, தகரத்துக்குக் கீழே உள்ள சூட்டில் முழு கரண்ட் வைத்தால் மோட்டாரில் கை வைக்க முடியாது. இந்த ஸ்விட்ச்களைப் பவரை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இப்போது மிக முக்கியமானது. பவர் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றாதீர்கள், மாட்டாதீர்கள். என் முதல் டிரைவர் அப்படித்தான் போனது: திசை தலைகீழாக இருக்கிறதே என்று ஒரு வயரை ஸ்குரூவிலிருந்து இழுத்தேன், அந்த நொடியே சின்னதாக ஒரு "டிக்", பிறகு கருகிய வாசனை. இரண்டாவது டிரைவர் போனதற்கும் இதே காரணம்தான், லூசாக இருந்த ஸ்குரூ ஓட்டத்தில் தானாகக் கழன்றுகொண்டது. லக் போட்டு இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

துடிப்பு, திசை இரண்டின் மைனஸ் முனைகளையும் ஆர்டுயினோவின் கிரவுண்டுக்குக் கொடுங்கள், பிளஸ் முனைகளை ஆளுக்கொரு பின்னுக்கு. எனேபிள் முனையை ஒன்றும் இணைக்காமல் விட்டுவிடலாம், டிரைவர் இயக்கத்திலேயே இருக்கும். ஆர்டுயினோவுக்கு 24 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள், அதன் பவர் நுழைவுக்கு 7 முதல் 12 வோல்ட்தான் சரி. பக் கன்வர்ட்டரை முதலில் மல்டிமீட்டர் வைத்து 9 வோல்ட்டுக்குத் திருகி வைத்துவிட்டு, அப்புறம் இணையுங்கள்.

5. குமிழ்: அனலாக் பக்கம்

பாட் வாங்கும்போது 10கே லீனியர் என்று கேளுங்கள். முதுகில் பி10கே என்று இருக்கும். ஏ10கே என்று இருந்தால் அது ஆம்ப்ளிஃபயர் வால்யூமுக்கு உள்ளது, பாதித் திருகும் வரை வேகம் கூடவே கூடாது, கடைசிக் கால் பகுதியில் சட்டென்று பாயும். எனக்கு முதலில் கிடைத்தது அதுதான், புரோகிராமில் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன்.

பாட்டின் ஒரு ஓரக்கால் 5 வோல்ட், மறு ஓரக்கால் கிரவுண்ட், நடுக்கால் ஏ0 பின். ஊனோ இதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஆட்கள் பக்கத்தில் கை வைத்து வேலை செய்யும் இடத்தில் இது போதாது, ஏன் என்று கொஞ்சம் பாருங்கள். கிரவுண்டுக்குப் போகும் வயர் அறுந்தால் நடுக்காலில் கிட்டத்தட்ட 5 வோல்ட் வரும். ஆர்டுயினோவுக்கு அது "முழு வேகம்" என்றுதான் தெரியும். எங்கள் கொட்டகையில் எலி வயரைக் கடிப்பது மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம்.

இதற்கு வழி மலிவானது. பாட்டின் இரண்டு ஓரக்காலிலும் ஒவ்வொரு 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். இப்போது குமிழை எங்கே திருகினாலும் எண் சுமார் 44-க்கும் 979-க்கும் இடையில்தான் இருக்கும். ஏ0 பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர், கூடவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. கிரவுண்ட் வயர் அறுந்தால் எண் 1000-ஐத் தாண்டும். நடு வயரோ 5 வோல்ட் வயரோ அறுந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். புரோகிராமில் 20-க்குக் கீழே அல்லது 1000-க்கு மேலே வந்தால் மோட்டாரை நிறுத்து என்று ஒரு வரி. மூன்று வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி (இவை பாட் வயர், மோட்டார் வயரைத் தொடாதீர்கள்) நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். மூன்றிலும் நிற்க வேண்டும்.

பாட் வயரையும் மோட்டார் வயரையும் ஒரே பைப்பில் விடாதீர்கள். விட்டால் குமிழைத் தொடாமலேயே எண் ஆடும், மோட்டார் பாட்டுப் பாடுகிற மாதிரி ஏறி இறங்கும்.

6. பட்டன்: டிஜிட்டல் பக்கம்

இரண்டின் வேலையையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எவ்வளவு வேகம் என்பதைக் குமிழ் சொல்லும். ஓடலாமா கூடாதா என்பதைப் பட்டன் சொல்லும். குமிழைக் குறைத்து பெல்ட்டை நிறுத்துகிற மாதிரி வைக்காதீர்கள், யாராவது முழங்கை பட்டுத் திருகிவிட்டால் தானாக ஓட ஆரம்பிக்கும்.

பட்டன்களைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இணைத்து, ஆர்டுயினோவின் உள் புல்-அப்பை (பட்டன் சேராதபோது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டர்) போட்டுக்கொள்ளுங்கள், வெளியே ரெசிஸ்டர் வேண்டாம். ஸ்டார்ட் பட்டன் அழுத்தினால் சேரும் வகை. ஸ்டாப் பட்டன் அழுத்தினால் பிரியும் வகையாக இருக்க வேண்டும், கடையில் என்சி (நார்மலி குளோஸ்டு) என்று கேளுங்கள். அப்போதுதான் ஸ்டாப் வயர் அறுந்தாலும் ஸ்டாப் அழுத்தின மாதிரியே ஆகும்.

பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளே தகடு சில மில்லிசெகண்ட் துள்ளும், ஆர்டுயினோ அதைப் பல அழுத்தலாக எண்ணும். நிலை மாறியதிலிருந்து 30 மில்லிசெகண்ட் அப்படியே இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் வருவது நம் பக்கம் புதிதில்லை. கரண்ட் வந்ததும் பெல்ட் தானாக ஓடக் கூடாது, அதற்குள் யாராவது உருளையில் சிக்கிய பருப்பை எடுத்துக்கொண்டிருப்பார்கள். போர்டு துவங்கும்போது நிலை எப்போதும் "நிற்கிறது", ஸ்டார்ட் பட்டன் விடுபட்டு மறுபடி அழுத்தப்பட்டால்தான் "ஓடுகிறது" என்று எழுதுங்கள்.

எமர்ஜென்சி ஸ்விட்சை ஆர்டுயினோ வழியாக விடவே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து டிரைவருக்குப் போகும் 24 வோல்ட் பிளஸ் வயரை அது நேராக வெட்ட வேண்டும். புரோகிராம் உறைந்து போனாலும் அது வேலை செய்யும்.

7. புரோகிராம்: ஏழு வாரத்தில் நாலு வாரம் இங்கேதான் போனது

அக்செல்ஸ்டெப்பர் (AccelStepper) என்கிற லைப்ரரி, அதாவது முன்பே எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு, இலவசம், அதையே பயன்படுத்துங்கள். அதில் ரன்ஸ்பீடு (runSpeed) என்ற கட்டளை, "அடுத்த ஸ்டெப்புக்கு நேரமாகிவிட்டதா" என்று பார்த்து, ஆகியிருந்தால் ஒரே ஒரு துடிப்பு கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. லூப் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு ஒழுங்காக மோட்டார் ஓடும். லூப் எங்கேயாவது நின்றால் மோட்டாரும் நிற்கும்.

என் மோட்டார் அரை வினாடிக்கு ஒருமுறை விக்கியது. காரணம், குமிழின் எண்ணைப் பார்க்க சீரியலில் (யூஎஸ்பி வயர் வழியாகக் கம்ப்யூட்டர் திரைக்கு) அச்சிட்டுக்கொண்டிருந்தேன். 9600 வேகத்தில் ஓர் எழுத்து போக ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், உள்ளே 64 எழுத்துக்குத்தான் இடம், அது நிறைந்ததும் ஆர்டுயினோ காத்து நிற்கும். எங்கள் பெல்ட்டுக்கு 800 துடிப்பு வேகத்தில் ஒன்றே கால் மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு வேண்டும். இருபது எழுத்து அச்சிட்டால் பதினாறு துடிப்பு தாமதம், கணக்கு நேராகவே சொல்கிறது. டிலே கட்டளைக்கும் இதே கதை. பட்டனுக்காக 30 மில்லிசெகண்ட் டிலே போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, மில்லிஸ் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எண்ணுகிற மாதிரி மாற்றுங்கள்.

குமிழைப் படிக்கவும் சுமார் 0.1 மில்லிசெகண்ட் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் படிக்காதீர்கள், 50 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போதும், மனிதன் குமிழ் திருகுகிற வேகத்துக்கு அதுவே அதிகம்.

ஆக லூப்பின் வரிசை இப்படி:

முதல் வரி ரன்ஸ்பீடு, எந்த நிபந்தனையும் இல்லாமல்.
அடுத்து பட்டன்கள், 30 மில்லிசெகண்ட் சோதனையோடு.
50 மில்லிசெகண்ட் ஆகியிருந்தால் குமிழைப் படி. 20–1000 எல்லைக்கு வெளியே என்றால் நிலையை "நிற்கிறது" ஆக்கு. எல்லைக்குள் என்றால், பழைய எண்ணிலிருந்து 4-க்கு மேல் மாறியிருந்தால் மட்டும் 300–800 அளவுக்கு மாற்றி இலக்கு வேகமாக வை.
10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இப்போதைய வேகத்தை இலக்கை நோக்கி 10 துடிப்பு மட்டும் நகர்த்து. நிலை "நிற்கிறது" என்றால் குமிழின் இலக்குக்குப் பதில் பூஜ்யத்தை நோக்கி நகர்த்து.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ரன்ஸ்பீடு தானாக முடுக்கம் தராது, பூஜ்யத்திலிருந்து நேராக 800-க்குத் தாவினால் பாரம் உள்ள பெல்ட் ஸ்டெப்பைத் தவறவிடும். இந்த முறையில் முழு வேகம் வர முக்கால் வினாடி கொஞ்சம் தாண்டும். திசை ஸ்விட்சைத் திருப்பினாலும் முதலில் பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகுதான் மறுபக்கம் ஏற வேண்டும்.

செட்டப்பில் இரண்டு விஷயம். அதிகபட்ச வேகத்தைக் கண்டிப்பாக 800 என்று கொடுங்கள், கொடுக்காவிட்டால் லைப்ரரியின் இயல்பு அளவு மிகக் குறைவு, மோட்டார் செத்த மாதிரி இருக்கும். குறைந்தபட்சத் துடிப்பு அகலம் 10 மைக்ரோசெகண்ட் வையுங்கள், டிபி6600-இன் நுழைவில் ஆப்டோ (ஆப்டோகப்ளர், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) இருப்பதால் மிகக் குறுகிய துடிப்பை அது கவனிக்காமல் போகலாம்.

8. குமிழுக்குப் பதில் வேறு மெஷினிலிருந்து சிக்னல் வந்தால்

கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டதால் சேர்க்கிறேன். 0–10 வோல்ட் சிக்னல் என்றால் இரண்டு 10கே ரெசிஸ்டரால் பாதியாக்கி ஏ0-க்குக் கொடுங்கள். 4–20 மில்லிஆம்பியர் என்றால் ஏ0-க்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 250 ஓம் ரெசிஸ்டர், 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும், எண் சுமார் 205 முதல் 1023. அதில் 180-க்குக் கீழே போனால் வயர் அறுந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகையிலும் பிரிவு 5-இல் சொன்ன 20, 1000 எல்லைகள் செல்லாது, மாற்றிக்கொள்ளுங்கள். 24 வோல்ட் சென்சாரையோ பிஎல்சி (தொழிற்சாலை மெஷினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வெளியீட்டையோ டிஜிட்டல் பின்னுக்கு நேராகக் கொடுத்தால் போர்டு போய்விடும், நடுவில் பிசி817 மாதிரி ஓர் ஆப்டோகப்ளரும் 2.2கே ரெசிஸ்டரும் போடுங்கள்.

9. பெட்டி, எர்த், உப்புக்காற்று

230 வோல்ட் பக்கத்தை ஒரு வயர்மேனை வைத்துச் செய்யுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸின் எர்த் முனையையும் பெல்ட்டின் இரும்புச் சட்டத்தையும் எர்த்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்கு 400 ரூபாய் கொடுத்தோம், இரண்டு மணி நேர வேலை.

நான் முதல் பெட்டியை தேவனாம்பட்டினத்தில் என் வீட்டிலேயே திறந்தபடி வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். கடல் பக்கம் என்பதால் கொஞ்ச நாளிலேயே பாட்டின் உள்தடம் கரகரத்துவிட்டது, திருகும்போது எண் 300-லிருந்து 700-க்குத் தாவி மறுபடி இறங்கும். கடலூரிலோ புதுச்சேரியிலோ கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் மூடிய வகை பாட் வாங்குங்கள், பெட்டியின் ஓட்டைகளுக்கு ரப்பர் கிளாண்ட் போடுங்கள். முந்திரித் தூள் எண்ணெய்ப் பிசுக்கோடு படியும் என்பதால் கொட்டகைக்கும் அதுவே நல்லது.

வயரிங் படத்தின் நகலை மூடியின் உள்பக்கம் ஒட்டி, டிப் ஸ்விட்ச் எது மேலே எது கீழே என்பதையும் அதிலேயே எழுதி வையுங்கள். எங்கள் பெட்டியில் குமிழைச் சுற்றி அக்கா வெள்ளைப் பெயிண்டில் இரண்டு புள்ளி வைத்திருக்கிறார், ஒன்று முழுப் பருப்பு வரும் நாளுக்கு, இன்னொன்று குருணை அதிகம் வரும் நாளுக்கு. காலையில் வந்ததும் முதலில் குமிழைப் புள்ளிக்குத் திருப்புகிறார், அப்புறம் ஸ்டார்ட் அழுத்துகிறார்.